ஓடும் சரக்கும் ஓடாத சரக்கும்

"இந்தச் சரக்கு வேண்டுமானால் அந்தச் சரக்கையும் எடுத்தாக வேண்டும்" என்ற பேச்சைக் கேட்டிராத கடைக்காரர் நம்மில் எவரும் இருக்க முடியாது. இதே விவகாரம் அமெரிக்காவில் கணினி மென்பொருள் தொழிலில் நீதிமன்றம் வரை சென்றது. அதை நாமும் அறிந்திருப்பது நல்லது.

வழக்கு என்ன?

1990-களில் தனிநபர் கணினிகளில் நூற்றுக்கு 90-க்கும் மேல் மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் மென்பொருளே இயங்கியது. கணினி உற்பத்தியாளர்களுக்கு அது இல்லாமல் வியாபாரம் இல்லை. அந்நேரத்தில் இணையத்தைப் பார்வையிட உதவும் நெட்ஸ்கேப் என்ற மென்பொருள் பெரும் வரவேற்பைப் பெற்றது. நாளடைவில் இது விண்டோஸின் தேவையையே குறைத்துவிடும் என மைக்ரோசாஃப்ட் அஞ்சியது. தன்னுடைய எக்ஸ்ப்ளோரரை இலவசமாக்கி, விண்டோஸுடன் சேர்த்தே கொடுத்தது. 1996-இல் காம்பேக் நிறுவனம் எக்ஸ்ப்ளோரரின் சின்னத்தைத் திரையிலிருந்து நீக்கியபோது, விண்டோஸ் உரிமத்தையே ரத்து செய்வதாக எச்சரித்தது. காம்பேக் பணிந்தது.

1998 மே 18 அன்று அமெரிக்க அரசும் பல மாநிலங்களும் வழக்குத் தொடுத்தன. அடிப்படை, 1890-ஆம் ஆண்டின் ஷெர்மன் சட்டம். நிறுவனத்தின் சொந்த மின்னஞ்சல்களே முக்கியச் சாட்சியங்களாயின. 2000 ஜூனில் நீதிபதி ஜாக்சன் நிறுவனத்தை இரண்டாகப் பிரிக்க உத்தரவிட்டார். 2001 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவ்வுத்தரவை ரத்து செய்தது. ஆயினும், முறையற்ற வழிகளில் ஏகபோகத்தைக் காத்துக்கொண்டது சட்டமீறலே என்று உறுதி செய்தது. பின்னர் ஏற்பட்ட சமரசத்தின்படி, போட்டியாளரின் பொருளை ஏற்கும் உற்பத்தியாளரைப் பழிவாங்கக் கூடாது என்றும், முன்னணி 20 உற்பத்தியாளர்களுக்கு ஒரே சீரான நிபந்தனைகள் தரவேண்டும் என்றும் முடிவாயிற்று. நெட்ஸ்கேப்போ 1999-லேயே வேறு நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டது. நியாயம் வருவதற்குள் கடை கைமாறிவிட்டது!

பெரிதாக வளர்வது குற்றமா?

இல்லை. நல்ல சரக்கு, நியாய விலை, நாணயம் இவற்றால் வளர்ந்தவரைச் சட்டம் தண்டிப்பதில்லை. அந்த பலத்தைக் கொண்டு பிறருக்கு வழியை அடைப்பதையே தடுக்கிறது.

நம் நாட்டிலும் 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் உள்ளது. அதன் முக்கியப் பிரிவுகள் 2009 மே முதல் அமலில் உள்ளன. ஒரு சரக்கோடு இன்னொன்றைக் கட்டாயமாக இணைத்து விற்பது போட்டியைக் கணிசமாகப் பாதித்தால் அது செல்லாது. 2022 அக்டோபரில் ஆண்ட்ராய்டு கைப்பேசி விவகாரத்தில் கூகுள் நிறுவனத்துக்கு இந்தியப் போட்டி ஆணையம் ரூ.1,337.76 கோடி அபராதம் விதித்தது. நிர்ப்பந்தத்துக்கு ஆளாகும் வணிகரும், அவர் சார்பில் சங்கமும் ஆணையத்தில் தகவல் அளிக்கலாம். ஆகவே ஆர்டர் கடிதங்கள், பில்கள், நிபந்தனை எழுதிய தாள்கள் ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள்.

நமக்கும் இது பொருந்தும்

மொத்த வியாபாரியாக இருக்கையில், தட்டுப்பாடான நேரத்தில் தேங்கிய சரக்கைச் சில்லறைக் கடைக்காரர் தலையில் நாம் கட்டியதே இல்லையா? சங்கமாகக் கூடி விலையை நிர்ணயிப்பதும், ஒருவருக்குச் சரக்கு தரக்கூடாதெனத் தீர்மானிப்பதும் இதே சட்டத்தின் பிடியில் வரும். மருந்து வணிகர் சங்கங்கள் சில அபராதத்துக்கு உள்ளாகியுள்ளன.

நம்மிடம் பிறர் செய்தால் அநியாயம் என்பதை நாம் பிறரிடம் செய்யாதிருப்போம். தராசு யார் கையில் இருந்தாலும் முள் நடுவில் நிற்கட்டும்.