கொல்லைக் கத்தரியும் ஆடி மாத வற்றலும்



ஆடி பிறந்து சாரலும் மூட்டமும் கவிந்துவிட்டால், சோளக்காட்டுக்கோ செம்மேட்டுக்கோ போய்க் காய் வாங்கி வருவது பெரும்பாடு. அந்த நாளுக்கு வேண்டிய குழம்புக் காயை மாசி, பங்குனி வெயிலிலேயே வற்றலாகச் சேர்த்து வைக்கலாம். கொல்லையில் பத்துப் பன்னிரண்டு கத்தரிச் செடி இருந்தால் போதும். ஆனால் காயெல்லாம் சொத்தையானால் கறியும் இல்லை, வற்றலும் இல்லை. ஆகவே புழுவைத் தடுப்பதுதான் முதல் வேலை.

நாற்றும் நடவும்

கார்த்திகைத் தொடக்கத்தில் விதையுங்கள். 30 முதல் 35 நாளில் நாற்று தயார். செடிக்குச் செடி இரண்டடி விட்டு, குழிக்கு இரண்டு கை மக்கிய எரு போட்டு நடவேண்டும். தண்ணீர் தேங்கக் கூடாது. சோப்பு கலக்காத அடுக்களைத் தண்ணீரைத் திருப்பிவிட்டாலே போதும். நட்ட இரண்டு மாதத்தில், அதாவது மாசியில், காய் பறிக்கலாம். போன வருஷம் கத்தரி, தக்காளி, மிளகாய் இருந்த பாத்தியில் மறுபடியும் கத்தரி வேண்டாம். மூன்றும் ஒரே குடும்பம். ஒன்றின் நோய் மற்றதற்கும் வரும்.

புழு வரும் வழி

தாய் அந்துப்பூச்சி இலையின் அடியில் முட்டை வைக்கிறது. பொரித்த புழு முதலில் இளந்தண்டைத் துளைத்து உள்ளே போகிறது. காய் பிடித்ததும் காய்க்குள் நுழைகிறது. பிறகு வெளியே வந்து, சருகிலும் மண்ணிலும் கூடு கட்டி, மறுபடி அந்துப்பூச்சியாகிறது.

“மருந்து அடிச்சாப் போச்சு” என்று சிலர் சொல்வார்கள். தண்டுக்குள் இருக்கிற புழுவை மேலே அடிக்கிற மருந்து எப்படித் தொடும்? அதோடு, மருந்து அடித்தால் இத்தனை நாள் காய் பறிக்கக் கூடாது என்று கணக்கு உண்டு. கத்தரியோ நான்கைந்து நாளுக்கு ஒருமுறை பறிக்கிற காய். அந்த விஷம் நம் பிள்ளைகள் தட்டுக்குத்தான் வரும்.

செய்ய வேண்டியது இதுதான். வாரம் இரண்டு தடவை செடியைச் சுற்றிப் பாருங்கள். நுனி வாடித் தொங்கினால் உள்ளே புழு இருக்கிறது என்று அர்த்தம். துளைக்கு ஒரு விரல்கடை கீழே கிள்ளி, நெருப்பில் போடுங்கள். சொத்தைக் காயையும் அப்படியே செய்யுங்கள். செடியடியில் வீசினால் புழு தப்பிவிடும். காய்ப்பு ஓய்ந்த செடியைப் பிடுங்கி விறகுக்கென்று அடுக்கி வைக்காதீர்கள். அந்தக் காய்ந்த குச்சியிலும் புழுக்கூடு இருக்கும். அடுத்த பயிருக்கு அங்கிருந்தே பூச்சி கிளம்பும். உடனே எரித்துவிடுங்கள்.

பூச்சி வருமுன் தடுக்க, 50 கிராம் வேப்பம்பருப்பை இடித்து ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, வடிகட்டி, துளி சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்கலாம்.

வற்றல் போடும் முறை

கத்தரிக்காயில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர்தான். அது மிச்சமிருந்தால் பூஞ்சணம் பிடிக்கும். முற்றாத காயாக எடுத்து நான்காகக் கீறி, கறுக்காமல் இருக்க உப்புத் தண்ணீரில் போடுங்கள். பிறகு உப்பும் மஞ்சளும் போட்டுக் கொதிக்கும் நீரில் மூன்று நிமிஷம் விட்டு வடியுங்கள். குழைய விடாதீர்கள். சுத்தமான பாயில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி நாலைந்து நாள் காயவையுங்கள். மலையில் பொழுது சாய்ந்தால் பனி இறங்கும். அதற்கு முன்பே வீட்டுக்குள் எடுத்துவிட வேண்டும். இதை மறந்தால் பகல் முழுவதும் காய்ந்தது வீண்.

வளைத்தால் மடங்கக் கூடாது, ‘படக்’கென்று ஒடிய வேண்டும். அதுதான் பதம். பத்துக் கிலோ காய்க்கு ஒரு கிலோ வற்றல் தேறும். ஆறவிட்டு, ஈரமில்லாத ஜாடியில் போட்டு இறுக மூடுங்கள். மாதம் ஒருமுறை வெயில் காட்டுங்கள். பூஞ்சணம் கண்டதைக் கழுவிச் சமைக்க வேண்டாம், எறிந்துவிடுங்கள்.

விதைக்கு, புழுத் தொடாத நல்ல செடியில் இரண்டு காயை மஞ்சளாகப் பழுக்க விடுங்கள். ஒட்டுவிதைச் செடியில் மட்டும் எடுக்காதீர்கள். அடுத்த தலைமுறை ஒன்றுபோல் வராது.

வாரம் இரண்டு தடவை கால்மணி நேரம் செடியைப் பாருங்கள். ஆடிச் சாரலில் வற்றல் குழம்பு உங்கள் வீட்டில் மணக்கும்.