ஆசிரியரை உருவாக்குவது யார் பொறுப்பு?



ஊரில் ஆசிரியராக இருந்த ஒருவராவது நம்மில் பல குடும்பங்களில் இருப்பார். அவர்கள் காலத்தில் பலருக்கு முதலில் நியமனம், பிறகுதான் பயிற்சி. பரீட்சையில் சித்தியடைந்தவர் தூரத்துப் பாடசாலையொன்றில் கற்பிக்கத் தொடங்குவார். சில வருடங்கள் கழித்தே கோப்பாய், பலாலி போன்ற ஆசிரிய கலாசாலைகளில் இரண்டு வருடம் பயின்று "பயிற்றப்பட்ட ஆசிரியர்" ஆவார். அதுவரை அவரிடம் படித்த பிள்ளைகளின் நிலை என்ன?

இதை மாற்ற இலங்கை அரசு இரண்டு சட்டங்களைக் கொண்டு வந்தது. 1985இல் தேசிய கல்வி நிறுவகத்துக்கான சட்டம். 1986இல் கல்வியியற் கல்லூரிகளுக்கான சட்டம். உயர்தரப் பரீட்சைப் பெறுபேற்றின்படி மாணவர்கள் தெரிவாவார்கள். இரண்டு வருடம் விடுதியில் தங்கிப் படிப்பு, மூன்றாம் வருடம் பாடசாலையொன்றில் கற்பித்துப் பழகுதல். அதன் பின்பே நியமனம். யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பு, மலையகத்தில் பத்தனை ஆகிய இடங்களிலும் இக்கல்லூரிகள் உருவாகின.

சட்டம் நல்லது. ஆனால் அரசு தானே வகுத்த ஒழுங்கை எப்போதும் காக்கவில்லை. பட்டதாரிகளுக்கு வேலை கொடுக்க வேண்டிய நெருக்கடி வரும்போதெல்லாம், பயிற்சி பெறாதவர்களையும் வகுப்புக்கு அனுப்பியது. போர்க்காலத்தில் வடக்கு கிழக்கில் தொண்டர் ஆசிரியர்களே பல வகுப்புகளைத் தாங்கினார்கள். அவர்களின் அர்ப்பணிப்பை மறக்க முடியாது. ஆனாலும் பயிற்சி கொடுக்க வேண்டிய கடமை அரசினுடையது.

இங்கே அமெரிக்காவில் ஆசிரியர் தகைமையை மாநிலங்களே தீர்மானிக்கின்றன. கலிபோர்னியாவில் அதற்கென ஓர் ஆணைக்குழு உண்டு. பட்டப்படிப்பு, ஆசிரியர் பயிற்சி, வகுப்பறையில் 600 மணித்தியாலப் பழக்கம் என்பவை பொதுவான வழி. ஆசிரியர் பற்றாக்குறை வந்தால் இங்கும் தற்காலிக அனுமதி வழங்குகிறார்கள். ஊரில் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள், தங்கள் சான்றிதழ்களை ஆணைக்குழு அங்கீகரித்த நிறுவனமொன்றின் மூலம் மதிப்பிட்டு விண்ணப்பிக்கலாம்.

நேயர்களே, நாம் படித்த பாடசாலைகளுக்குக் கட்டடம் கட்டவும் கணினி வாங்கவும் பணம் அனுப்புகிறோம். அது நல்ல காரியம். ஆனால் பயிற்றப்பட்ட ஆசிரியரை நம் பணத்தால் வாங்கி அனுப்ப முடியாது. அதை அரசுதான் செய்ய வேண்டும். அடுத்த முறை அதிபருடன் பேசும்போது, என்ன பொருள் தேவை என்று மட்டும் கேளாதீர்கள். கணிதத்துக்கும் ஆங்கிலத்துக்கும் பயிற்சி பெற்ற ஆசிரியர் இருக்கிறாரா என்றும் கேளுங்கள். இல்லையென்றால், கல்வித் திணைக்களத்துக்கு எழுதும் கடிதத்தில் பழைய மாணவர்களாகிய நாமும் கையெழுத்திடுவோம்.