தோலுக்குள் போன எண்ணெய்

ராணிப்பேட்டையிலிருந்து பளபளவென்று அனுப்பிய கறுப்புத் தோல், ஐரோப்பியக் குளிரில் பெட்டியைப் பிரிக்கும்போது வெள்ளை பூத்துக் கிடப்பதுண்டு. பூசணம் என்று நினைப்பார்கள். சூடான காற்றைக் காட்டினால் அந்த வெள்ளை உருகி மறையும், பூசணமானால் மறையாது. அது தோலிலிருந்து வெளியே வந்த கொழுப்பு.

குரோம் பதனிட்ட தோலை அப்படியே உலர்த்தினால் நார்கள் ஒட்டிக்கொண்டு விறைத்துவிடும். அதனால் 50, 60 டிகிரி வெந்நீரில் எண்ணெயைக் கலந்து, டிரம்மில் தோலோடு சுழலவிட்டு ஏற்றுகிறார்கள். கந்தக அமிலத்தால் நீரில் கலக்கும்படி மாற்றிய மீன் எண்ணெய் இதற்கு நெடுநாளாகப் பயன்படுகிறது.

எந்த எண்ணெயும் பல கொழுப்பு அமிலங்களின் கூட்டு. தனியே எடுத்தால் ஒலீயிக் அமிலம் சுமார் 13 டிகிரியிலேயே உருகும். பால்மிடிக்குக்கு 63, ஸ்டீரிக்குக்கு 69 டிகிரி வேண்டும். கூட்டில் கரைந்திருக்கும் இவை குளிர் வந்ததும் பிரிந்து உறைகின்றன. ஃபிரிட்ஜில் வைத்த ஆலிவ் எண்ணெய் கலங்குவதும் இப்படித்தான். சூடுபட்டால் தெளிந்துவிடும், கெட்டுப்போவதில்லை. தோலில் இந்தக் குறையை நம் ஊர் வெயில் மறைத்து வைக்கிறது, குளிர்நாடு காட்டிக்கொடுக்கிறது.

வெயில் செய்யும் கேடோ மீளாதது. எண்ணெயை ஆக்சிஜன் தாக்குவது அதன் இரட்டைப் பிணைப்புகளின் ஓரத்தில். ஒலீயிக்கில் அது ஒன்று. மீன் எண்ணெயிலுள்ள டிஹெச்ஏ அமிலத்தில் ஆறு. 10 டிகிரி கூடினால் கெடும் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும். மே மாதத் தகரக் கூரைக்கடியில் மூடி சரியாக இறுகாத பீப்பாய் என்ன ஆகுமென்று சொல்லவேண்டியதில்லை.

கெட்ட எண்ணெய் தோலை மஞ்சளாக்கும், நாற்றம் கொடுக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து, தோலிலுள்ள குரோமியம்-3ஐ நச்சான குரோமியம்-6 ஆக அது மாற்றக்கூடும். அந்த நஞ்சு நிலத்தடி நீரில் இறங்கினால் என்ன ஆகும் என்பது ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றி வாழும் மக்களுக்கு நன்றாகத் தெரியும். உடலில் படும் தோல்பொருளில் கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக்கூடாது என்பது 2015 மே முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம். கிடங்கில் நடந்த கவனக்குறைவு துறைமுகம் தாண்டியும் பின்தொடரும்.

ஆகவே எண்ணெய்ப் பீப்பாய்க்கு நிழல் வேண்டும், இறுக்கமான மூடி வேண்டும், முதலில் வந்த சரக்கு முதலில் தீரவேண்டும். இன்னொரு காப்பும் உண்டு. மறுபதனிடும்போது கொஞ்சம் தாவரத் துவர்ப்பு சேர்த்தால் குரோமியம்-6 உருவாவது வெகுவாகக் குறைகிறது. குரோம் வருவதற்கு முன் இந்தப் பக்கத்துத் தோல் பெரும்பாலும் ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதமானது.