நோய்க்குச் சான்று யார் தருவது?

குண்டடி பட்ட வீரனுக்குக் காயமே சாட்சி. நச்சு பட்டவனுக்கோ முப்பது ஆண்டுகள் கழித்து நோய் வரும்போது சாட்சி ஏது? அமெரிக்காவின் முன்னாள் படைவீரர்கள் இக்கேள்வியோடு நெடுங்காலம் அலைந்தனர். தோட்ட ஆஸ்பத்திரியில் டிரெசராக இருந்து, மருந்தடிக்கும் தொழிலாளர்களின் கைகளைப் பார்த்துப் பழகிய எனக்கு இதில் தனி அக்கறை உண்டு.

வியட்நாம் போரில், 1962 முதல் 1971 வரை, அமெரிக்கப் படை 7 கோடி லிட்டருக்கும் அதிகமான களைக்கொல்லியைத் தெளித்தது. அதில் பாதிக்கு மேல் 'ஏஜெண்ட் ஆரஞ்சு'. பீப்பாயில் தீட்டிய ஆரஞ்சுப் பட்டையால் வந்த பெயர். அதில் கலந்திருந்த டயாக்சின் உடற்கொழுப்பில் பல்லாண்டு தங்கிவிடும். அதன் கூட்டுப்பொருள் ஒன்றை 1950களில் ஆங்கிலேயர் நம் மலாயாவிலும் சாலையோரக் காடுகளில் தெளித்ததை நம்மில் பலர் அறியோம்.

நாடு திரும்பியபின் நோயுற்றவர்கள், அது பணியால்தான் வந்தது என்று தாமே நிரூபிக்க வேண்டியிருந்தது. எந்த நாள் எந்தக் காற்று பட்டதென்று யாரால் சொல்ல முடியும்? 1991இல் வந்த சட்டம் இப்பாரத்தை இறக்கியது. வியட்நாமில் பணியாற்றியவருக்குப் பட்டியலில் உள்ள நோய் கண்டால், பணியால் வந்ததென்றே அரசு கொள்ளும். ஆனால் பட்டியல் ஆமைபோல் நகர்ந்தது. இனிப்புநீர் 2001இலும் பார்க்கின்சன் நோய் 2010இலும் சேர்ந்தன. இரத்தக் கொதிப்போ 2022வரை காத்திருந்தது. அதற்குள் கண்மூடியவர்கள் எத்தனை பேரோ!

ஈராக், ஆப்கானிஸ்தான் முகாம்களில் பிளாஸ்டிக், சாயம், மருத்துவக் கழிவு யாவும் குழிகளில் எரிக்கப்பட்டன. கொளுத்துவதற்கு விமான எண்ணெய். ஈராக்கின் பலாட் தளத்தில் அவ்விடம் சுமார் 10 ஏக்கர். 2020இல் நுரையீரல் புற்றுநோயால் மறைந்த ஹீத் ராபின்சன் என்ற சார்ஜண்டின் பெயரைத் தாங்கிய 'பேக்ட்' சட்டம், 2022 ஆகஸ்டு 10இல் கையொப்பமாகி, இருபதுக்கும் மேற்பட்ட நோய்களைப் பட்டியலில் சேர்த்தது.

படைவீரர் மருத்துவத்தில் பதிந்த ஒவ்வொருவரிடமும் ஐந்தாண்டுக்கு ஒருமுறையேனும் நச்சுத் தொடர்பைக் கேட்டறிவதும் இதன் பயன். எனக்குப் பிடித்த அம்சம் இதுவே. "எங்கே வேலை செய்தீர்கள்?" என்று கேட்காவிட்டால் நோயாளி தாமாகச் சொல்வதில்லை, இருமலைத்தான் சொல்வார்.

அதே மருந்து தலைமேல் விழுந்த வியட்நாமியக் குடியானவர்களுக்கு இச்சட்டங்கள் பொருந்தா. அமெரிக்க நிதியில் டானாங் விமானத்தள மண் 2018இல் சுத்தமாக்கி முடிக்கப்பட்டது. பியன் ஹோவாவில் 2019இல் பணி தொடங்கியது.