ஏட்டில் ஏறாத கல்வி

தம் வரலாற்றைத் தாமே எழுதி வையாத மக்களின் வரலாற்றை யார் எழுதுவர்? பெரும்பாலும் அவர்களுடைய பகைவரே எழுதுவர். ஐரோப்பாவின் பண்டை மக்களாகிய கெல்ற்றியரின் கதையை நோக்கின், இவ்வுண்மை நமக்குப் புலனாகும்.

உரோமப் பேரரசு தோன்றுமுன், இன்றைய பிரான்சு, பிரித்தானியா, அயர்லாந்து முதலிய நாடுகளிற் கெல்ற்றிய மொழியினர் பரந்து வாழ்ந்தனர். இரும்பினால் வாளும் கொழுவும் செய்தனர். பொன்னை முறுக்கிக் கழுத்தணி சமைத்தனர். கி.மு. 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உரோமாபுரியையே சூறையாடினர்.

இவர்களுள் கல்வி, சமயம், நீதி ஆகியவற்றுக்குப் பொறுப்பாயிருந்தோர் துரூயிதர் எனப்பட்டனர். கோல் எனப்பட்ட பண்டைப் பிரான்சை வென்ற யூலியசு சீசர், இவர்களைப் பற்றி விரிவாக எழுதியுள்ளார். மாணாக்கர் சிலர் 20 ஆண்டுகள் வரை செய்யுள்களை மனனஞ் செய்தனராம். உயிர் அழிவதில்லை, ஓருடல் நீங்கி மற்றோருடலிற் புகும் என்பது இவர்கள் போதித்த தலையாய கொள்கை. எனினும், பாடங்களை எழுதுதல் தகாதென விலக்கினர். எழுத்தறியாமை இதற்குக் காரணமன்று. கணக்கு முதலியவற்றைக் கிரேக்க எழுத்திலே எழுதிவந்தனர். தம் கல்வி பொதுமக்களிடம் பரவலாகாது, ஏட்டை நம்பி மாணாக்கர் நினைவாற்றலை இழக்கலாகாது என்பனவே காரணங்கள் எனச் சீசர் கருதினார்.

அவ்வச்சம் தவறென்று கூறுதற்கில்லை. ஆனால், நினைவைச் சுமந்த தலைகள் வீழ்ந்தபோது நூலும் உடன் வீழ்ந்தது. உரோமச் சக்கரவர்த்திகள் துரூயிதரை ஒடுக்கினர். கி.பி. 60ஆம் ஆண்டளவில், வேல்சுக் கரையோரத்து மோனாத் தீவிற் படை புகுந்து, அவர்களுடைய புனிதச் சோலைகளை அழித்தது. துரூயிதர் நரபலியிட்டனர் என்று உரோமர் எழுதினர். அதற்கு மறுமொழியாக அவர்கள் கைப்பட எழுதிய ஒரு வரியும் இல்லை.

1897ஆம் ஆண்டில், பிரான்சின் கொலிஞ்ஞி என்னும் ஊரருகே உடைந்த வெண்கலத் துண்டுகள் பல கிடைத்தன. பொருத்திப் பார்த்தபோது, கோல் மொழியில் அமைந்த ஐந்தாண்டுப் பஞ்சாங்கம் வெளிப்பட்டது. திங்களின் கணக்கை ஞாயிற்றின் ஆண்டோடு இசைவிக்க, இரண்டு அதிக மாதங்கள் அதிற் சேர்க்கப்பட்டிருந்தன. இத்தகைய நுண்ணறிவு எவ்வளவு அழிந்ததோ என்று நாம் ஏங்குகிறோம்.

உரோமர் வென்றடக்காத அயர்லாந்தின் விதி வேறு. அங்கே கிறித்தவத் துறவிகள் இலத்தீன் எழுத்தைக் கற்று, தாய்மொழிக் கதைகளைத் தோலேடுகளில் வரைந்தனர். பழைய தெய்வங்கள் பல நினைவில் நிலைத்திருப்பது, அவற்றை வணங்காத அவர்களாலேயாம்.

மான் தீவின் கெல்ற்றிய மொழியைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி முதியவர் நெட் மட்றெல் 1974இல் மறைந்தார். நூல்களும் ஒலிப்பதிவுகளும் எஞ்சியிருந்தமையால் பிறர் அதனை மீளக் கற்றனர். இன்று அம்மொழியிலேயே பாடஞ் சொல்லும் ஆரம்பப் பாடசாலை அத்தீவில் உண்டு. வேல்சிலோ, 2021ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி, ஏறக்குறைய 538,000 பேர் தம் பழைய மொழியைப் பேசுகின்றனர்.

துரூயிதரின் இருபதாண்டுப் பாடத்தில் ஒரு செய்யுளேனும் நமக்கு எஞ்சவில்லை.