மக்டலீன் ஒடுண்டோவின் மட்கலங்கள்

மக்டலீன் ஒடுண்டோவின் மட்கலங்கள் என்பன, கென்யாவிற் பிறந்த பிரித்தானியக் கலைஞரான மக்டலீன் ஒடுண்டோ (பிறப்பு: 1950) குயவர் சக்கரம் இன்றிக் கையால் வனைந்த கலங்களாகும். இவை நீரோ தானியமோ வைப்பதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. கலத்தின் வடிவத்தையே அருவச் சிற்பமாகக் கையாளும் தற்கால மட்கலைக்கு இவை முதன்மையான எடுத்துக்காட்டுகளாகக் கொள்ளப்படுகின்றன. இவற்றுட் பலவற்றுக்குத் தலைப்பும் இடப்படவில்லை.

பின்னணி

நைரோபியிற் பிறந்த ஒடுண்டோ 1971 இல் இங்கிலாந்து சென்றார். கேம்பிரிட்ச்சிலும் பின்னர் ஃபார்னமிலும் கலை பயின்றார். படிப்பின் இடையே, 1974-75 காலப்பகுதியில், நைஜீரியாவின் அபுஜா மட்பாண்ட நிலையத்துக்குச் சென்றார். (இந்நிலையம் இன்றைய தலைநகரில் அன்றி, அந்நாளில் அபுஜா எனப்பட்டு இன்று சுலேஜா என வழங்கும் நகரில் அமைந்திருந்தது.) அங்கு லாடி குவாலி முதலிய பெண் குயவர்கள், அசையாது நிற்கும் பானையைத் தாம் சுற்றிவந்து வனையும் முறையைக் கண்டு பயின்றார். நியூ மெக்சிக்கோவின் சான் இல்டிஃபொன்சோவில், மெருகேற்றிய கரிய கலங்களுக்குப் பெயர்பெற்ற மரியா மார்ட்டினெசின் வேலையையும் கண்டார். 1979 முதல் 1982 வரை இலண்டன் அரச கலைக் கல்லூரியிற் பயின்றார்.

வனையும் முறை

களிமண் உருண்டை ஒன்றைக் குடைந்து, சுவரை மேலே இழுத்து அடிப்பகுதி உருவாக்கப்படுகிறது. அதன்மேல் களிமண் திரிகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றி இணைக்கப்படுகின்றன. சுவர் சுரண்டி மெல்லியதாக்கப்பட்டபின், நுண்துகட் களிக்குழம்பு பூசி, வழுவழுப்பாகத் தேய்த்து மெருகேற்றப்படுகிறது. கிளேஸ் எனப்படும் கண்ணாடிப் பூச்சு இடப்படுவதில்லை. பளபளப்பு முழுவதும் தேய்ப்பினால் வருவதே.

நிறமும் சாயத்தால் வருவதன்று. ஒட்சிசன் தாராளமாக உள்ள சூளையிற் சுட்டால், களிமண்ணிலுள்ள இரும்பு ஒட்சைட்டு செம்மஞ்சள் நிறம் தரும். மரத்துண்டுகளுடன் மூடி, ஒட்சிசன் குறைந்த நிலையில் மீண்டும் சுட்டால், இரும்பின் மாற்றத்தாலும் படியும் கரியாலும் அதே கலம் கறுப்பாகும். சில கலங்களில் இரு நிறமும் கலந்து தோன்றும். ஆதிச்சநல்லூர் போன்ற தொல்லியற் களங்களிற் கிடைக்கும் கறுப்பு-சிவப்பு மட்கலங்களின் இருநிறத்துக்கும் இதே வேதியியலே அடிப்படை. இரண்டாம் சூட்டில் விரிசல் கண்டால் நீண்டநாள் உழைப்பு வீணாகும்.

வடிவம்

பருத்த வயிறும், நீண்டு சாய்ந்த கழுத்தும், விரிந்த வாயும் இக்கலங்களின் பொதுத் தோற்றம். சிலவற்றில் முதுகெலும்புக் கணுக்களை ஒத்த புடைப்புகள் உண்டு. தமிழிலும் பானையின் பகுதிகளுக்குக் கழுத்து, வாய், வயிறு என்றே பெயர். கலத்தை உடலாகக் காண்பது புதிதன்று. ஆயினும் ஒடுண்டோ எந்த ஓர் உடலையும் நேராக உருவமைப்பதில்லை. வளைவின் அழுத்தமும், உள்ளே அடைபட்ட வெற்றிடமுமே கருப்பொருள்.

கைவினையா, சிற்பமா

மேற்கத்திய அருங்காட்சியகங்கள் ஆப்பிரிக்கப் பெண்கள் வனைந்த கலங்களை நெடுங்காலம் இனவியற் பொருள்களாகவே வகைப்படுத்தின. செய்தவர் பெயர் பெரும்பாலும் பதியப்படவில்லை. லாடி குவாலி இதற்கு விலக்கு. நைஜீரியாவின் 20 நைரா தாளில் அவர் உருவம் உள்ளது. ஒடுண்டோவின் கலங்கள் இவ்வகைப்பாட்டையே கேள்விக்குள்ளாக்கின. 2019 இல் ஹெப்வொர்த் வேக்ஃபீல்டு காட்சியகத்தில் அவை ரொடானின் சிற்பங்களுடனும் பண்டைய கலங்களுடனும் ஒரே கூடத்தில் வைக்கப்பட்டன. 2022 இல் வெனிசு ஈராண்டுக் கலைக்காட்சியிலும் இடம்பெற்றன.