ஏரி வாரியமும் உலக வாரியமும்

உலகனைத்திற்கும் ஓர் அரசன் இல்லை. எல்லா நாடுகளையும் அடக்கியாளும் காவற்படையும் இல்லை. ஆயினும் எல்லா நாட்டாருக்கும் பொதுவாகிய நன்மைகள் பல உள. அவற்றைக் காப்பார் யாவர்? எம்முறையாற் காக்கின்றனர்? இவ்வினாவிற்கு விடை காண நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. திண்டிவனத்தினின்று கிழக்கு நோக்கி மரக்காணம் வரையிற் சென்றாற் போதும்.

இந்நிலப்பகுதி பண்டு ஓய்மாநாடு எனப் பெயர் பெற்றிருந்தது. சிறுபாணாற்றுப்படையின் தலைவனாகிய நல்லியக்கோடன் இதனை ஆண்டான். இங்கு, விழுப்புரம் மாவட்டத்தின் கடலோரத்தில், கழுவெளி என்னும் பரந்த நீர்நிலை உளது. மேற்கேயுள்ள ஏரிகள் பலவற்றின் மழைநீர் இதில் வந்து வடியும். கடல்நீரும் கழி வழியாக உள்ளே புகும். இரண்டும் கலப்பதால் மீனும் இறாலும் இங்குப் பெருகுகின்றன. குளிர்காலத்தில் நடு ஆசியா, சைபீரியா முதலிய வடபுலங்களினின்று பறவைகள் இரை தேடி வந்து தங்குகின்றன.

இப்பறவைகள் எந்நாட்டிற்கு உரியன? முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது ஒரு நாடு. வழியில் இளைப்பாறுவது மற்றொரு நாடு. குளிர்காலம் கழிப்பது நம் நாடு. இவற்றுள் ஒரு நாடு தன் சதுப்பு நிலத்தைத் தூர்த்துவிடின், ஏனைய நாடுகள் எடுத்த முயற்சியனைத்தும் வீணாகும். ஆதலின் கூடிக் காத்தலே வழி. இக்கருத்துப் பற்றியே 1971ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள், ஈரான் நாட்டில் காஸ்பியன் கடற்கரையிலுள்ள ராம்சார் நகரில் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. இந்தியா 1982இல் இதில் சேர்ந்தது. இன்று 170க்கு மேற்பட்ட நாடுகள் இதில் அடங்கியுள்ளன.

இவ்வுடன்படிக்கைக்கு வாளும் இல்லை, சிறைச்சாலையும் இல்லை. பின் இதன் வலிமை யாது? கணக்குக் கேட்டலே இதன் வலிமை. ஒவ்வொரு நாடும் தன் நீர்நிலைகளிற் சிலவற்றைத் தானே தேர்ந்து உலகப் பட்டியலிற் சேர்க்கும். அவற்றின் இயல்பு கெடுமாயின் அதனைத் தாமதமின்றித் தெரிவித்தல் கடன். மூன்றாண்டுக்கு ஒருமுறை கூடும் மாநாட்டிற்கு முன் அறிக்கை தருதலும் வேண்டும். கேடுற்ற நீர்நிலைகளைக் குறித்து வைக்க மாந்த்ரே பதிவேடு என்னும் தனி ஏடும் உண்டு.

இம்முறை நமக்குப் புதியதன்று. உத்தரமேரூரில் முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுக்கள் 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்டன. அவற்றில் ஏரி வாரியம் பேசப்படுகின்றது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் குடவோலைக்கு உரியராகார் என்பது அங்கு விதி. ஊரார் முன்னிலையில் கணக்குக் காட்டவேண்டும் என்னும் அச்சமே ஏரியின் கரையைக் காத்தது. அவ்வூர் வாரியம் உலகளவு விரிந்ததே ராம்சார் உடன்படிக்கை எனலாம்.

இது பயன் தருமோ எனின், ஒடிசாவின் சிலிகா ஏரியே சான்று. 1981இல் உலகப் பட்டியலிற் சேர்ந்த அவ்வேரி, மண் தூர்ந்து உப்புத்தன்மை குறைந்தமையால் 1993இல் மாந்த்ரே பதிவேட்டில் இடம்பெற்றது. 2000ஆம் ஆண்டிற் கடலுக்குப் புதிய முகத்துவாரம் வெட்டப்பட்டது. மீன்வளம் மீண்டது, 2002இல் அதன் பெயர் பதிவேட்டினின்று நீக்கப்பட்டது. உலகத்தார் குறையைச் சுட்டினர். அதனைத் தீர்த்தவரோ அந்நாட்டவரே. இவ்வேறுபாட்டை நாம் மறத்தலாகாது.

கழுவெளியைத் தமிழ்நாட்டரசு 2021 டிசம்பரிற் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. அது 5,151 ஹெக்டேருக்குச் சற்று மேற்பட்ட பரப்புடையது. 2024இல் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. இப்பெருமை கேட்டு மகிழும் நாம், கரையில் வலை வீசிப் பிழைப்போர் மனத்தில் எழும் ஐயத்தையும் கேட்டல் வேண்டும். "பறவைக்கு இடம் உண்டு, எமக்கு இடம் உண்டோ?" என்று அவர் வினவின், அது தகுந்த வினாவே. உடன்படிக்கை சொல்வது அறிவோடு பயன்படுத்தல் என்பதே. மக்களை விலக்குதல் அன்று. ஆனால் சரணாலயச் சட்டமோ பல கட்டுப்பாடுகளை விதிக்கின்றது. இவ்விரண்டனையும் இணக்கி, அவர்தம் பிழைப்பும் பறவைகளின் உறைவிடமும் ஒருங்கே நிலைபெறச் செய்தல் நம்மவர் கையில் உள்ளது. அதனை வெளிநாட்டு மாநாடு எதுவும் நமக்காகச் செய்து தராது.

உலகப் பட்டியலிற் பெயர் ஏறிவிட்டது என்று நாம் உறங்கிவிடின், வாய்க்கால்கள் தூரும், குப்பை சேரும், ஏட்டிற் பெயர் மட்டும் எஞ்சும். பொது நன்மையைக் காக்கும் ஆட்சி உலகமன்றத்தில் தொடங்கினும், அது முடிவது ஊர் வாய்க்காலின் கரையிலே. ஆதலின் நண்பர்களே, விடுமுறையில் ஊர் செல்லுங்கால் நம் ஊர் ஏரியின் நீர் எவ்வழி ஓடுகின்றது என்று கேட்டறிவோம். கேட்போர் இருக்கும் ஊரிலேதான் கணக்கும் இருக்கும்.